ஹெர்பிஸ் சந்தேகமா? பரிசோதனை முதல் துணையிடம் சொல்வது வரை

அந்தரங்க உறுப்பிலோ தொடையிடுக்கிலோ ஆசனவாய்ப் பக்கமோ இப்போது கொப்புளமோ புண்ணோ இருக்கிறதா? அப்படியென்றால் படிப்பதை இங்கேயே நிறுத்திவிட்டு, இன்றோ நாளையோ ஒரு தோல், பாலியல் நோய் மருத்துவரைப் பார்த்துவிட்டு வாருங்கள். கட்டுரை எங்கேயும் போய்விடாது. புண் போய்விடும். அது ஆறிவிட்டால், இந்த நோயில் கிடைக்கக்கூடிய மிகத் தெளிவான விடையும் கூடவே போய்விடும்.

எனக்கு வந்தபோது நான் செய்தது இதற்கு நேரெதிர். புண் இருந்த நாளெல்லாம் வெட்கத்தில் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தேன். ஆறின பிறகு தைரியம் வந்து ரத்தப் பரிசோதனைக்கு ஓடினேன். என்ன பரிசோதனை எடுக்கிறார்கள் என்றுகூடக் கேட்கவில்லை. நாளும் தவறு, பரிசோதனையும் தவறு. நான்கு மாதம் தூக்கம் கெட்டது. அதில் பாதிக்கு மேல் விடையே இல்லாத கேள்விகளுக்காகக் கெட்டது என்பது பின்னால்தான் புரிந்தது. ஹெர்பிஸைப் பொறுத்தவரை தெரிந்துகொள்ள முடிந்தவை சில, தலைகீழாக நின்றாலும் தெரியாதவை சில. எது எந்தப் பக்கம் என்று முதலிலேயே பிரித்துவிட்டால் பாரம் பாதி இறங்கும்.

பெயர்க் குழப்பம் முதலில்

'ஹெர்பிஸ்' என்றதும் சிலர் அக்கி என்று நினைக்கிறார்கள். அக்கி வேறு. சின்னம்மை வந்துபோன பிறகு அந்த வைரஸ் நரம்பில் பல வருடம் பதுங்கிக் கிடந்து, உடம்பின் ஒரு பக்கத்தில் பட்டையாகக் கிளம்புவதுதான் அக்கி. அதன் மருத்துவப் பெயர் ஹெர்பிஸ் ஜோஸ்டர். மருந்துச் சீட்டில் அந்தப் பெயரைப் பார்த்துவிட்டு வீட்டில் சண்டை போட வேண்டாம், அது உடலுறவால் வருவதில்லை.

இங்கே பேசுவது ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸ், சுருக்கமாக எச்எஸ்வி. இதில் இரண்டு வகை. எச்எஸ்வி-1 பெரும்பாலும் சிறு வயதிலேயே எச்சில், முத்தம் வழியாக வந்து உதட்டோரம் கொப்புளமாகத் தலைகாட்டும். வாய்வழி உடலுறவில் அது பிறப்புறுப்புக்கும் போகும். எச்எஸ்வி-2 ஏறக்குறைய எப்போதும் உடலுறவால் பரவுவது. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில், 50 வயதுக்கு உட்பட்டவர்களில் சுமார் 380 கோடிப் பேருக்கு முதல் வகை இருக்கிறது. 15 முதல் 49 வயது வரை உள்ளவர்களில் சுமார் 52 கோடிப் பேருக்கு இரண்டாவது வகை. இவர்களில் பெரும்பாலோருக்குத் தங்களிடம் இருப்பதே தெரியாது. புண் வந்திருக்காது, அல்லது வந்தது ஏதோ உராய்வு, பூச்சிக்கடி, சவரம் செய்த எரிச்சல் என்று போயிருக்கும்.

உள்ளே நுழைந்த வைரஸ் தோலிலேயே தங்குவதில்லை. நரம்பு வழியாக மேலேறி ஒரு நரம்பு முடிச்சில் குடியேறுகிறது. பிறப்புறுப்பில் வந்தது முதுகெலும்பின் அடிப்பகுதியில் தங்கும், உதட்டில் வந்தது மண்டையோட்டின் அடியில் தங்கும். அவ்வப்போது விழித்து, அதே நரம்பில் இறங்கித் தோலுக்கு வரும். அதனால்தான் புண் திரும்பத் திரும்ப ஏறக்குறைய ஒரே இடத்தில் வருகிறது. இதை அடியோடு ஒழிக்கும் மருந்து இன்னும் இல்லை, தடுப்பூசியும் இல்லை. அடக்கி வைக்க நல்ல மாத்திரைகள் இருக்கின்றன.

படி 1: புண் இருக்கும்போதே ஸ்வாப்

மருத்துவரிடம் கேட்க வேண்டியது இது: "புண்ணிலிருந்து ஸ்வாப் எடுத்து பிசிஆர் பண்ண முடியுமா? எந்த வகை என்றும் தெரிய வேண்டும்." பஞ்சுக் குச்சியால் புண்ணின் அடிப்பகுதியைத் துடைத்து எடுப்பதுதான் ஸ்வாப். அதில் வைரஸின் மரபணு இருக்கிறதா என்று ஆய்வகத்தில் தேடுவது பிசிஆர். கொஞ்சம் வலிக்கும், அவ்வளவுதான். புண் வந்த முதல் இரண்டு நாளுக்குள் எடுத்தால் சிறப்பு. பொருக்கு கட்டிய பிறகு வைரஸ் குறைந்துவிடுவதால், 'இல்லை' என்று வரும் முடிவை நம்ப முடியாது.

கண்ணால் பார்த்தே "ஹெர்பிஸ்தான்" என்று மருத்துவர் சொன்னாலும் ஸ்வாப்பைக் கேளுங்கள். பார்வையால் சொல்வது தவறிப்போவது உண்டு. அதோடு எந்த வகை என்பது பின்னால் ரொம்ப முக்கியம். பிறப்புறுப்பில் இரண்டாம் வகை வந்தால் முதல் வருடத்தில் நான்கைந்து முறை திரும்பக்கூடும். முதல் வகை வந்தால் முதல் வருடத்தில் ஒரு முறை போல வந்து, அப்புறம் பலருக்கு வருவதே அரிது. இரண்டுக்கும் பெயர் ஒன்றாக இருந்தாலும் வாழ்க்கை ஒன்றல்ல.

அதே நாளில் சிபிலிஸுக்கும் எச்ஐவிக்கும் ரத்தம் கொடுத்துவிடுங்கள். சிபிலிஸ் புண்ணும் இதே இடத்தில் வரும், பெரும்பாலும் வலிக்காது, பென்சிலினில் முழுதாகக் குணமாகிவிடும். அதைத் தவறவிடுவது அநியாயம்.

மாத்திரைக்காக முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. முதல் தடவை வரும் புண்ணுக்கு அசைக்ளோவிர் 400 மில்லிகிராம் தினம் மூன்று வேளை, அல்லது வாலசைக்ளோவிர் 1 கிராம் இரண்டு வேளை, 7 முதல் 10 நாள் என்பது வழக்கமான அளவு. சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவு மாறும், அதனால் நீங்களாகக் கடையில் வாங்கி விழுங்காதீர்கள். மேலே தடவும் களிம்பில் பெரிய பலன் இல்லை. முதல் தடவை காய்ச்சல், உடம்பு வலி, தொடையிடுக்கில் நெறி கட்டுவது எல்லாம் வரலாம். முழுதாக ஆற இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். சிறுநீர் கழிக்கும்போது எரிந்தால் வெதுவெதுப்பான தண்ணீரை மேலே ஊற்றிக்கொண்டே போங்கள். யாரும் சொல்லித்தராத இந்த வித்தைதான் எனக்கு மாத்திரையைவிட உடனடியாக உதவியது. சிறுநீரே வராமல் அடைத்துக்கொண்டாலோ, கடுமையான தலைவலியோடு கழுத்து விறைத்தாலோ, கண் சிவந்து வலித்தாலோ தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

படி 2: ரத்தப் பரிசோதனை, படித்துவிட்டு மட்டும்

குழப்பத்தின் தலைமையகம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ரத்தப் பரிசோதனை வைரஸைத் தேடுவதில்லை. வைரஸுக்கு எதிராக உடம்பு உருவாக்கிய ஆன்டிபாடிகளைத் தேடுகிறது. அதில் ஐஜிஎம், ஐஜிஜி என்று இரண்டு உண்டு. ஐஜிஎம் வேண்டாம். புதிய தொற்றை மட்டும் காட்டும் என்ற பெயரில் அதை எழுதிக்கொடுப்பார்கள். ஆனால் பழைய தொற்றிலும் அது தலைகாட்டும், வேறு வைரஸுக்கும் 'உண்டு' என்று காட்டிவிடும், இரண்டு வகைகளையும் பிரித்துச் சொல்லவும் அதற்குத் தெரியாது. எனக்கு எடுத்தது அதைத்தான்.

கேட்க வேண்டியது, வகை பிரித்துச் சொல்லும் ஐஜிஜி. அதிலும் நான்கு விஷயம் கவனிக்க வேண்டும்.

சந்தேகத்துக்குரிய உறவு நடந்து குறைந்தது 12 வாரமாவது ஆகியிருக்க வேண்டும். அதற்கு முன் 'இல்லை' என்று வந்தால் அதற்கு அர்த்தம் இல்லை.

முடிவோடு ஓர் எண் வரும். அதைக் கட்டாயம் வாங்கிப் பாருங்கள். பரவலாகப் பயன்படும் பரிசோதனைகளில் 1.1க்கு மேல் போனால் 'பாசிட்டிவ்' என்று அச்சாகிவிடும். இரண்டாம் வகைக்கு 1.1 முதல் 3 வரை வந்த எண்களில் பொய் பாசிட்டிவ் நிறைய. அந்த எண்ணை வைத்துக்கொண்டு அழுவதற்கு முன், வேறு முறையில் இன்னொரு பரிசோதனை செய்து உறுதிப்படுத்த வேண்டும். வெஸ்டர்ன் பிளாட் என்பது அப்படி உறுதி செய்யும் முறைகளில் நம்பகமானது, எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை.

முதல் வகைக்கு 'உண்டு' என்று வந்தால், எங்கே என்று ரத்தம் சொல்லாது. உதட்டிலா, கீழேயா, தெரியாது. புண்ணே வராத ஒருவருக்கு அது பெரும்பாலும் சிறுவயது முத்தத்தின் மிச்சம். அதுபோல முதல் வகை இருந்தும் 'இல்லை' என்று வருகிறவர்களும் கணிசம்.

கடைசியாக, 'எல்லா பாலியல் நோய் டெஸ்டும் எடுத்துவிட்டேன், க்ளீன்' என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. ஆனால் வழக்கமான தொகுப்புப் பரிசோதனைகளில் ஹெர்பிஸ் பெரும்பாலும் இருக்காது. அறிகுறியே இல்லாதவர்களுக்கு இந்த ரத்தப் பரிசோதனையைப் பொதுவாக எடுக்க வேண்டாம் என்றுதான் அமெரிக்கத் தடுப்புச் சேவைகள் பணிக்குழு 2016இலும் மறுபடி 2023இலும் சொன்னது. காரணம் மேலே சொன்ன பொய் பாசிட்டிவ்கள்.

அப்படியானால் யார் எடுக்கலாம்? புண் வந்து ஆறிப்போய் ஸ்வாப் எடுக்காமல் விட்டவர், ஸ்வாப்பில் 'இல்லை' என்று வந்தும் புண் திரும்பத் திரும்ப வருபவர், துணைக்கு ஹெர்பிஸ் இருப்பது தெரிந்தவர். சும்மா மனநிம்மதிக்காக எடுக்கப் போகிறவர் இருக்கிற நிம்மதியையும் தொலைத்துவிட்டு வர வாய்ப்பு அதிகம்.

படி 3: 'யார் கொடுத்தது?' என்ற கேள்வியைக் கீழே வைப்பது

புதிதாகத் தொற்றி அறிகுறி வந்தால் அது பெரும்பாலும் 2 முதல் 12 நாளுக்குள் வரும். ஆனால் தொற்றியபோது ஒன்றுமே தெரியாமல், பல மாதமோ பல வருடமோ கழித்து முதல் புண் வருவதும் சாதாரணம். அதனால் இன்று புண் வந்தது என்பதை வைத்து, போன வாரத்து உறவையோ பத்து வருடத் துணையையோ குற்றவாளி ஆக்க முடியாது. துணைக்கு உதட்டில் மட்டும் எப்போதோ வந்த கொப்புளம், வாய்வழி உறவில் உங்களுக்குக் கீழே வந்திருக்கலாம். அதில் துரோகம் எதுவும் இல்லை.

ஒரே ஒரு துப்பு மட்டும் உண்டு. முதல் புண்ணில் ஸ்வாப் 'உண்டு' என்று வந்து, அதே நேரம் எடுத்த ஐஜிஜியில் அதே வகை 'இல்லை' என்று வந்தால் தொற்று புதியது. ஐஜிஜியிலும் 'உண்டு' என்றால் பழையது. அதற்கு மேல் துப்பறிய இந்த வைரஸ் இடம் கொடுக்காது.

படி 4: எப்படிப் பரவுகிறது, எவ்வளவு குறைக்கலாம்

தோலும் தோலும் உரசுவதால் பரவுகிறது. கழிப்பறை இருக்கை, துண்டு, நீச்சல் குளம், படுக்கை விரிப்பு ஆகியவற்றால் பிறப்புறுப்பு ஹெர்பிஸ் பரவுவதில்லை. உடம்புக்கு வெளியே வைரஸ் நீடித்து நிற்காது.

பலருக்கும் ஏற்றுக்கொள்ளக் கடினமானது அடுத்தது. புண் இல்லாத நாளிலும் வைரஸ் தோலுக்கு வந்துபோகும். தினமும் ஸ்வாப் எடுத்துப் பார்த்த ஆய்வில், இரண்டாம் வகை இருந்து அறிகுறியும் வருபவர்களிடம் சுமார் 20 சதவீத நாட்களிலும், அறிகுறியே வராதவர்களிடம் சுமார் 10 சதவீத நாட்களிலும் வைரஸ் கண்டறியப்பட்டது. பிறப்புறுப்பில் முதல் வகை உள்ளவர்களிடம் தொற்றி இரண்டு மாதத்தில் சுமார் 12 சதவீதம், பதினோரு மாதத்தில் சுமார் 7 சதவீதம் என்று இறங்கியது. ஆகவே 'புண் இருந்தால் மட்டும்தான் ஒட்டும்' என்பது தவறு. 'எப்போது தொட்டாலும் ஒட்டிவிடும்' என்பதும் தவறு.

குறைக்க மூன்று வழி. புண் இருக்கும்போதும், அதற்கு முன்னால் வரும் கூச்சம், சுருக்கென்ற வலி, அரிப்பு தொடங்கியதிலிருந்தும், முழுதாக ஆறும்வரை உடலுறவைத் தள்ளிப்போடுவது முதலாவது. ஆணுறை இரண்டாவது. அது மூடாத இடத்திலும் வைரஸ் இருக்கலாம் என்பதால் முழுக் காப்பு கிடைக்காது, ஆனால் நன்றாகவே குறைக்கும். ஆணிடமிருந்து பெண்ணுக்குப் போவதை அது இன்னும் அதிகமாகத் தடுக்கிறது. மூன்றாவது தினசரி மாத்திரை. 2004இல் வெளியான ஓர் ஆய்வில், ஒருவருக்கு மட்டும் இரண்டாம் வகை இருந்த 1,484 தம்பதிகளை 8 மாதம் கவனித்தார்கள். தொற்று உள்ளவர் வெற்று மாத்திரை எடுத்த தம்பதிகளில் துணைக்குத் தொற்றியது 3.6 சதவீதம். தினம் 500 மில்லிகிராம் வாலசைக்ளோவிர் எடுத்தவர்களில் 1.9 சதவீதம். மாத்திரை பாதியாகக் குறைத்தது உண்மை. ஆனால் அந்த முதல் எண்ணையும் கவனியுங்கள். மாத்திரை இல்லாமலேகூட, எட்டு மாதத்தில் நூறு ஜோடியில் தொண்ணூற்றாறு ஜோடிக்கு ஒன்றும் ஆகவில்லை. என்னை அந்த நான்கு மாதக் குழியிலிருந்து தூக்கிவிட்ட எண் அதுதான்.

இருவருக்கும் ஒரே வகை ஏற்கனவே இருந்தால் ஒருவருக்கொருவர் திரும்பத் தொற்றிக்கொள்வதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

உங்கள் உடம்பிலேயே வேறு இடத்துக்குப் பரவுவது பெரும்பாலும் முதல் தொற்றின் ஆரம்ப வாரங்களில்தான். ஆனாலும் புண்ணைத் தொட்டால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். உதட்டில் புண் வருகிறவர்கள் கான்டாக்ட் லென்ஸை எச்சிலால் நனைக்கவே கூடாது, கண்ணில் வந்தால் பார்வைக்கே ஆபத்து. உதட்டில் கொப்புளத்தோடு பச்சைக் குழந்தையை முத்தமிடவும் கூடாது.

படி 5: சொல்வது

எப்போது? முதல் சந்திப்பிலேயே சொல்ல வேண்டியதில்லை. முதல் உடலுறவுக்கு முன்னால் சொல்லியாக வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில், இருவரும் உடை உடுத்தி, அவசரம் இல்லாமல், எழுந்துபோக வேண்டுமென்றால் எழுந்துபோகக்கூடிய ஓர் இடத்தில் சொல்லுங்கள். நெருக்கத்தின் நடுவில் நிறுத்திச் சொல்வது மோசமான நேரம். அப்போது எதிராளியின் 'பரவாயில்லை' யோசித்துச் சொன்னதா, மயக்கத்தில் சொன்னதா என்று உங்களுக்கே தெரியாது.

"உன்கிட்ட ஒரு பயங்கரமான விஷயம் சொல்லப்போறேன், என்னை வெறுத்துடாதே" என்று தொடங்கினால், பாவம், எதிரில் இருப்பவர் கொலையா கொள்ளையா என்று நினைத்துக்கொள்வார். இப்படிச் சொல்லிப் பாருங்கள்:

"நாம இன்னும் நெருங்கறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும். எனக்கு ஹெர்பிஸ் இருக்கு, ரெண்டாம் வகை. வருஷத்துக்கு ஒரு தடவை, ரெண்டு தடவை புண் வரும். தினமும் மாத்திரை எடுத்துக்கறேன். அதையும் மீறி உனக்கு வர சின்ன வாய்ப்பு இருக்கு. இப்பவே பதில் சொல்ல வேண்டாம். யோசிச்சுப் பாரு, என்ன வேணும்னாலும் கேளு."

அவ்வளவுதான், அரை நிமிடம். யாரிடமிருந்து வந்தது என்ற கதை அதில் இல்லை, தேவையும் இல்லை. 'சின்ன வாய்ப்பு' என்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள். மாத்திரை எடுக்கிறேன், ஒன்றும் ஆகாது என்று வாக்குக் கொடுக்க யாராலும் முடியாது. எந்த வகை என்றே இன்னும் தெரியவில்லை என்றால் அதையும் அப்படியே சொல்லுங்கள்: "ஒரு தடவை புண் வந்துது, ஹெர்பிஸா இருக்கலாம்னு டாக்டர் சொன்னார், இன்னும் உறுதி ஆகலை." இதற்குக் கையில் சான்றிதழ் தேவையில்லை.

நான் முதல்முறை சொன்னபோது எதிர்பார்த்தது அழுகை, கோபம், மௌனம் ஆகிய மூன்றில் ஒன்று. வந்தது ஒரு கேள்வி: "அப்ப எனக்கு உதட்டுல வருமே, அதுவும் இதுதானா?" ஆமாம், அது முதல் வகை. உதட்டில் வருவதை யாரும் யாரிடமும் சொல்வதில்லை, கேட்பதும் இல்லை. அதே வைரஸ் கீழே வந்தால் மட்டும் ஒப்புதல் வாக்குமூலம் ஆகிவிடுகிறது. உதட்டில் கொப்புளம் வருகிறவர்களும் வாய்வழி உறவுக்கு முன் சொல்ல வேண்டும் என்பது என் கட்சி.

எல்லோரும் அப்படிக் கேட்பார்கள் என்று சொல்லமாட்டேன். இன்னொருவர் இரண்டு நாள் கழித்து 'வேண்டாம்' என்று செய்தி அனுப்பினார். வலித்தது. ஆனால் அவருக்கு அந்த உரிமை உண்டு. மறுபேச்சில் புள்ளிவிவரங்களை அடுக்கி அவரை மடக்கப் பார்க்காதீர்கள்.

இப்போதைய துணையிடமும், முதல் புண் வருவதற்குச் சற்று முன் பழகியவர்களிடமும் சொல்வது நல்லது. எல்லாப் பழைய உறவுகளையும் தேடிப்பிடித்து அறிவிக்க வேண்டும் என்பதில்லை. சொன்னால் அடி விழும், மிரட்டல் வரும் என்று பயப்படும் நிலையில் இருந்தால் தனியாக நேரில் சொல்லாதீர்கள். மருத்துவரையோ நம்பிக்கையான ஒருவரையோ வைத்துக்கொண்டு வழி தேடுங்கள்.

கர்ப்பம் என்றால்

மகப்பேறு மருத்துவரிடம் மறைக்கவே கூடாத விஷயம் இது. பல வருடமாக ஹெர்பிஸ் இருக்கும் பெண்ணிடமிருந்து பிரசவத்தில் குழந்தைக்குப் போகும் வாய்ப்பு 1 சதவீதத்துக்கும் குறைவு. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் புதிதாகத் தொற்றினால்தான் பெரிய ஆபத்து, அது 30 முதல் 50 சதவீதம் வரை போகிறது. அதனால் கர்ப்பிணிக்கு இல்லாமல் துணைக்கு மட்டும் இருந்தால், கடைசி மூன்று மாதம் உடலுறவைத் தவிர்ப்பதே சரி. துணைக்கு உதட்டில் வருமென்றால் வாய்வழி உறவும் வேண்டாம். ஏற்கனவே உள்ளவர்களுக்கு 36ஆம் வாரத்திலிருந்து மாத்திரை தருவது வழக்கம். பிரசவ வலி வரும்போது புண் இருந்தால் சிசேரியன் செய்வார்கள்.

திரும்ப வரும்போது

அடுத்தடுத்து வருவது முதல் தடவை போல இருக்காது. சிறிதாக வந்து, சில நாளில் ஆறிவிடும், வருடங்கள் போகப்போக இடைவெளியும் கூடும். தோலில் அந்தக் கூச்சம் தொடங்கிய அன்றே, இல்லையென்றால் புண் தெரிந்த ஒரு நாளுக்குள் மாத்திரை தொடங்கினால்தான் பலன். அடிக்கடி வந்து தொல்லை கொடுத்தாலோ, துணைக்குத் தொற்றாமல் காக்க விரும்பினாலோ தினசரி மாத்திரை பற்றிப் பேசுங்கள். அப்படி வேண்டாம் என்றால், அடுத்த தடவைக்கான மருந்துச் சீட்டை இப்போதே கேட்டு வாங்கி, மாத்திரையை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். அது பெரும்பாலும் விடுமுறை நாளின் நள்ளிரவில்தான் வரும்.